சாதரூபத்துக்கு ஒரு சாதகம்

போன மாசம் ஊர்ல இருந்து மாமா வாட்ஸப்புல ஒரு படம் அனுப்பியிருந்தார். கறுப்புத் துணி மேல மஞ்சளா, கோணல்மாணலா, கடலைமிட்டாயை உடைச்சுப் போட்ட மாதிரி ஏழெட்டு துண்டு. கீழே "சுரங்கத்தில் இருந்து நேரடி, நேச்சுரல் கோல்டு நகெட், மார்க்கெட் விலையில் 30 சதவீதம் குறைவு"ன்னு எழுதி, ஏதோ ஒரு ஆப்பிரிக்க நாட்டு நம்பர். நான் படத்தைப் பெரிசு பண்ணிப் பாக்குறதுக்குள்ள போன் வந்துடுச்சு.

"மாப்ள, நீ இருக்குற மெல்போர்ன் பக்கமெல்லாம் இது தரையிலயே கெடக்குமாமே? செய்கூலி கெடையாது, சேதாரம் கெடையாது. உருக்கி செயினா அடிச்சுட்டா முடிஞ்சுது. ஆறு லட்சம் ரெடியா வச்சிருக்கேன். நீ ஒரு வார்த்தை சொல்லு."

"பணத்தை அனுப்பிட்டீங்களா மாமா?"

"இன்னும் இல்ல. என்கூட வாக்கிங் வர்றவரு பார்சல் சார்ஜு, கஸ்டம்ஸ் சார்ஜுன்னு எண்பத்தஞ்சாயிரம் கட்டிட்டாரு. அவருக்கு சரக்கு வந்ததும் நாமளும் போடலாம்னு பாக்குறேன்."

அவருக்கு என்ன வந்திருக்கும்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. 'இன்சூரன்ஸ் சார்ஜ்' கட்டச் சொல்லி இன்னொரு மெசேஜ் வந்துச்சு. மாமாவோட ஆறு லட்சம் பிழைச்சது. அன்னிக்கு அவர்கிட்ட அரை மணி நேரம் தொண்டை வறளக் கத்தினதைத் தான் இங்க கொஞ்சம் நிதானமா எழுதிப் பாக்குறேன். ஏன்னா அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்ல. தங்கத்தைப் பத்தி நமக்கு இருக்குற அறிவு பூரா நகைக்கடையில கத்துக்கிட்டது. எத்தனை பவுன், 916ஆ, சேதாரம் எவ்வளவு, இன்னிக்கு கிராம் என்ன விலை. இந்த நாலு கேள்வியோட நகெட் கிட்ட போனா கண்டிப்பா ஏமாறுவோம். வாங்குறப்பவும் ஏமாறுவோம், விக்கிறப்பவும் ஏமாறுவோம்.

முதல்ல ஒரு சொல் தகராறு. நகெட்டுக்குத் தமிழ்ல என்ன? பேப்பர்ல 'தங்கக் கட்டி'ன்னு போடுறாங்க. தங்கக் கட்டின்னா நமக்கு ஏர்போர்ட்ல பிடிபடுற பிஸ்கட் தான் கண்ணு முன்னாடி வருது. அது ஆலையில வார்த்தது. நான் சொல்றது மண்ணுல இருந்து எடுத்த உருவத்துலயே இருக்குற பொன். சிலப்பதிகாரத்துல மதுரைக் கடைவீதியில நாலு வகைப் பொன் விக்கிறதா வருதில்லையா, அதுல ஒண்ணுக்குப் பேர் சாதரூபம். வடசொல் தான், பிரிச்சுப் பார்த்தா 'பிறந்த உருவம்'னு வரும். இளங்கோவடிகள் காலத்துல எந்தப் பொருளை அப்படிச் சொன்னாங்களோ, அந்த ஆராய்ச்சியை தமிழய்யாக்கள் கிட்ட விட்டுடறேன். ஆனா பிறந்த உருவத்துலயே இருக்குற பொன்னுக்கு இதை விடப் பொருத்தமான பேர் எனக்குத் தெரியல. சும்மா நகெட்னே எழுதுறேன், மனசுக்குள்ள சாதரூபம்னு படிச்சுக்கோங்க. :-)

இது எல்லாத் தங்க வயல்லயும் கிடைக்காது. நம்மாளுங்க தலைமுறை தலைமுறையா உழைச்ச கோலார்ல, கிலோமீட்டர் கணக்குல கீழ இறங்கி, பாறையை இடிச்சு மாவாக்கி, அதுல இருந்து ரசாயனம் போட்டுத் தங்கத்தைப் பிரிச்சாங்க. 2001ல மூடுற வரைக்கும் அங்க வேலை பார்த்த பெரும்பாலானவங்க கையால ஒரு நகெட்டைத் தொட்டிருக்க மாட்டாங்க. இங்க விக்டோரியா மாநிலத்துல நிலைமை வேற. வெள்ளைக்கல் பாறைக்குள்ள இருந்த தங்கம், பாறை லட்சக்கணக்கான வருஷமா மக்கி உதிர உதிர, கட்டி கட்டியா மண்ணுல தங்கிடுச்சு. டன்னோலி, மோலியாகல், வெட்டர்பர்ன், டார்னகுல்லா - இந்த ஊர்களைச் சுத்தி இருக்குற பகுதியை 'தங்க முக்கோணம்'னே சொல்லுவாங்க. மெல்போர்ன்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல கார்ல போகணும்.

போய்த் தோண்டலாமா? தோண்டலாம். 'மைனர்ஸ் ரைட்'னு ஒரு அனுமதிச் சீட்டு. சில பத்து டாலர் கட்டினா பத்து வருஷத்துக்குச் செல்லும். தேசியப் பூங்கா மாதிரி தடை செஞ்ச இடங்களைத் தவிர்த்து, அரசு நிலத்துல கைக்கருவி வச்சு நீங்க கண்டுபிடிக்கிறது உங்களுக்கே சொந்தம். நீங்களே விக்கலாம். இந்தச் சீட்டு சும்மா வந்ததில்ல. 1854 டிசம்பர்ல பல்லாரட்ல லைசென்ஸ் கட்டணத்தை எதிர்த்து சுரங்கக்காரங்க யுரேகா கொட்டடியில சண்டை போட்டு, ஆள் செத்து, அதுக்கப்புறம் 1855ல வருஷத்துக்கு ஒரு பவுண்டுன்னு இறக்கிக் கொடுத்தது தான் இந்த மைனர்ஸ் ரைட். என் பர்ஸ்ல இருக்குற காகிதங்கள்லயே எனக்குப் பிடிச்சது இது தான். அதை வச்சு நான் இதுவரைக்கும் எடுத்தது: துப்பாக்கி ஈயக் குண்டு, துருப்பிடிச்ச ஆணி, பியர் டின் மூடி ஏராளம், அரைக் கிராம் கூடத் தேறாத ஒரு பொட்டு. டிடெக்டரும் என்னது இல்ல, நண்பரோடது.

அரைக் கிராம் பொட்டு வச்சிருக்கவன் வியாபாரத்தைப் பத்திப் பேசலாமான்னு கேக்காதீங்க. நான் வாங்கியும் இருக்கேன். அதுக்கு அப்புறம் வர்றேன்.

மாமாவுக்குச் சொன்ன முதல் விஷயம் இது தான். உலோக விலைக்குக் கீழே நகெட் விக்கிறேன்னு ஒருத்தன் சொன்னா அவன் பொய் சொல்றான். யோசிச்சுப் பாருங்க. தங்கத்துக்கு உலகம் பூரா ஒரே விலை, நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியுது. கையில நிஜமாவே தங்கம் இருக்குறவன், அது எந்தக் காடா இருந்தாலும் சரி, பக்கத்து ஊர்ல உருக்குறவன் கிட்ட கொடுத்தா நாலஞ்சு சதவீதமோ கொஞ்சம் கூடவோ கழிச்சுக்கிட்டு அன்னிக்கே காசு கொடுத்துடுவான். அப்படி இருக்க, யாருன்னே தெரியாத விருதுநகர் ஆளுக்கு 30 சதவீதம் தள்ளி, பார்சல் கட்டி அனுப்ப அவனுக்கு என்ன வேண்டுதலா? 'எங்க நாட்டுல வாங்க ஆள் இல்ல'ம்பான். தங்கத்தை வாங்க ஆள் இல்லாத நாடு இந்தப் பூமியில கிடையாது. நகெட்னு சொன்னாலும் சரி, 'தங்கத் தூள்'னு சொன்னாலும் சரி, விலை குறைவுங்கறதே பொய்க்கான அத்தாட்சி. அந்தக் கல்லை லென்ஸ் வச்சுப் பாக்கக்கூடத் தேவையில்ல.

அப்போ நிஜமான நகெட் என்ன விலைக்குக் கிடைக்கும்? உலோக விலைக்கு மேல. சின்னப் பொட்டுன்னா கொஞ்சம் மேல. கட்டி பெருசாகப் பெருசாக, உருவம் அழகாக அழகாக, நல்லாவே மேல. நகைக்கடையில சேதாரத்துக்குச் சண்டை போடுற நமக்கு இது வயித்தெரிச்சலா இருக்கும். ஒரு கொல்லரும் தொடாத பொருளுக்கு எதுக்குங்க செய்கூலி? மாமாவும் இதையே தான் கேட்டார். "மனுசன் செய்யாததுக்கு எதுக்கு மாப்ள கூலி?"

நல்ல கேள்வி. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கூலி கிடையாது. கணக்குப் போட்டே காட்டுறேன், எனக்கே போட்டுப் பார்த்தப்போ ஆச்சரியமா இருந்துச்சு. 1869 பிப்ரவரி 5, மோலியாகல் பக்கத்துல ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ்னு ரெண்டு பேர், ஒரு மரத்தடியில, தரைக்கு அடியில ஒரே ஒரு அங்குலத்துல, உலகத்துலயே பெரிய நகெட்டை எடுத்தாங்க. 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்'. ஒட்டியிருந்த கல்லை எல்லாம் கழிச்சு, சுமார் 72 கிலோ. நம்ம கணக்குல ஒன்பதாயிரம் பவுன்! ராத்திரியில குடிசைக்குக் கொண்டு போய், அடுப்புல போட்டுச் சுட்டு வெள்ளைக்கல்லை உதிர்த்தாங்க. அப்புறம் டன்னோலி பேங்குக்கு எடுத்துட்டுப் போனா, அதை வைக்கிற அளவுக்கு அங்க தராசு இல்ல. என்ன பண்ணாங்க தெரியுமா? கொல்லன் பட்டறையில பட்டடை மேல வச்சுத் துண்டு துண்டா உடைச்சு எடை போட்டாங்க. ஒரு போட்டோ கூட எடுத்து வைக்கல. இன்னிக்கு மியூசியங்கள்ல இருக்குறது எல்லாம் பார்த்தவங்க நினைவையும் வரைபடத்தையும் வச்சுப் பண்ண மாதிரி உருவம்.

கிடைச்ச பணம் 9,381 பவுண்ட்னு சொல்றாங்க. அந்தக் காலத்துல ஒரு பவுண்டுங்கறது ஒரு சாவரின் நாணயம். நாம பவுன்னும் சவரன்னும் சொல்றது இதைத் தான்; எட்டுக் கிராமுக்குத் துளி கம்மி, 22 கேரட், அதாவது அதே 916. அதுல சுத்தத் தங்கம் சுமார் 7.3 கிராம். 9,381ஐ அதால பெருக்கிப் பாருங்க, 68 கிலோ சொச்சம் வரும். 72 கிலோவைக் கொடுத்துட்டு 68 கிலோவை நாணயமா வாங்கியிருக்காங்க! உருவத்துக்குன்னு ஒரு சல்லி கிடைக்கல, கழிவு தான் போயிருக்கு. பூமி ஒரே ஒரு தடவை செஞ்ச பொருள். அதோட தனித்தன்மைக்கு அன்னிக்குச் சந்தையில போட்ட விலை பூஜ்யம்.

இதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 1858ல பல்லாரட்ல கிடைச்ச 'வெல்கம் நகெட்' கதை இன்னும் தமாஷ். 69 கிலோ. அதை முதல்ல 10,500 பவுண்டுக்கு வித்தாங்க. அப்புறம் கை மாறினது 9,325க்கு. காட்சிக்கு வச்சாங்க, லண்டனுக்குக் கொண்டு போனாங்க, கடைசியில 1859ல நாணயச்சாலை வாங்கி உருக்கி சாவரினா அடிச்சுருச்சு. 'எப்படியும் விலை ஏறும்'னு நகெட் வாங்குறவங்க இந்த 10,500, 9,325 ரெண்டு எண்ணையும் ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்கணும்.

இன்னிக்கு ஏன் கூலி இருக்குன்னா, இப்படி எல்லாத்தையும் உருக்கித் தீர்த்ததால தான். மிச்சம் இருக்குறது கொஞ்சம். 1980ல கிங்கோவர் ஊர்ப் பக்கம் மெட்டல் டிடெக்டர்ல கிடைச்ச 27 கிலோ 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' நகெட்டை ஒரு அமெரிக்கச் சூதாட்ட விடுதி பத்து லட்சம் டாலருக்கும் மேல கொடுத்து வாங்குச்சு. உலோக மதிப்பை விட லட்சக்கணக்குல கூடுதல். அவங்க அதை உருக்கல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சாங்க. பிரேசில்ல 1983ல சேர்ரா பெலாடாவுல கிடைச்ச 60 கிலோ கட்டியை அந்த நாட்டு மத்திய வங்கி வாங்கி மியூசியத்துல வச்சிருக்கு. டீசனுக்கும் ஓட்ஸுக்கும் கிடைக்காத கூலி இவங்களுக்குக் கிடைச்சதுன்னா, நடுவுல உருகிப் போன அத்தனை கட்டிகளும் தான் காரணம்.

சரி, உலோக விலைக்கு மேல கொடுக்குற அந்தக் கூடுதல் எதுக்கு? உருவத்துக்குன்னு சொன்னேன். முழுசா அது இல்ல. பாதி உருவத்துக்கு, பாதி கதைக்கு. எங்க பிறந்தது, யாரு எடுத்தது, எப்ப எடுத்தது. நம்ம பாஷையில சொன்னா சாதகம். இங்க தான் என் கருத்து என்னன்னு சொல்ல வேண்டியிருக்கு, இங்க இருக்குற நகெட் ஆளுங்க பலர் இதை ஒத்துக்க மாட்டாங்க.

2011 மார்ச்ல கலிபோர்னியாவுல சாக்ரமெண்டோ நகரத்துல ஒரு ஏலம். சுமார் நூறு அவுன்ஸ், மூணு கிலோவுக்கு மேல இருக்குற ஒரு நகெட். 'வாஷிங்டன் நகெட்'னு பேர். முந்தின வருஷம் தன் சொந்த நிலத்துலயே டிடெக்டர் வச்சு எடுத்ததா விக்கிறவர் சொன்னார். கலிபோர்னியாவுல உருகாம மிச்சம் இருக்குற நகெட்கள்லயே பெரிசுன்னு பேச்சு. பேப்பர், டிவி எல்லாம் வந்துச்சு. கமிஷனோட சேர்த்து 4,60,000 டாலருக்குப் போச்சு. அன்னைய தங்க விலைக்கு அந்த எடை ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டாது. மிச்ச மூணு லட்சம் டாலர் அத்தனையும் "கலிபோர்னியாவுல பிறந்தது"ங்கற ஒரே வரிக்கு.

அப்புறம் ஆஸ்திரேலியாவுல ஒருத்தர் அந்தப் படத்தைப் பார்த்துட்டு, 'இந்த மூஞ்சியை எனக்குத் தெரியுமே'ன்னார். பல வருஷம் முன்னாடி, 1980கள்ல இங்க கிடைச்ச நகெட். மீன் மாதிரி உருவம் இருந்ததால 'ஆரஞ்ச் ரஃபி'ன்னு ஒரு மீன் பேரையே அதுக்கு வச்சிருந்தாங்க. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல வச்சா அதே மேடு, அதே பள்ளம். கடல் தாண்டிப் போய் புதுப் பேரும் புதுப் பிறந்த ஊரும் வாங்கிக்கிட்டு கல்யாணச் சந்தையில நின்னிருக்கு. நம்ம ஊர்ல செவ்வாய் தோஷத்தை மறைச்சு சாதகம் எழுதுவாங்களே, அதே கதை. :-)

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, தங்கம் போலி கிடையாது. எடை சரி, சுத்தம் சரி, இயற்கையா உருவானதுங்கறதும் சரி. எந்த உரைகல்லும் எந்த அமிலமும் எந்த மெஷினும் தப்பு சொல்லாது. ஒரே ஒரு ஊர்ப் பேர் மட்டும் பொய். அந்த ஒரு பொய்க்கு மூணு லட்சம் டாலர்.

இது ஏன் சாத்தியமாகுதுன்னா நகெட் எடுக்குறவங்களோட ரகசியப் பழக்கம். எங்க எடுத்தேன்னு சொல்ல மாட்டாங்க. நியாயமான காரணமும் இருக்கு. இடத்தைச் சொன்னா அடுத்த சனிக்கிழமை அங்க அம்பது டிடெக்டர் நிக்கும். 2023ல இங்க ஒருத்தர் 4.6 கிலோ கல்லு ஒண்ணை எடுத்துட்டு ஜீலாங் கடைக்குப் போய், பத்தாயிரம் டாலராவது தேறுமான்னு கேட்டார். உள்ள 2.6 கிலோ தங்கம், மதிப்பு 2,40,000 ஆஸ்திரேலிய டாலர். அவர் பேரும் வெளிய வரல, எடுத்த இடமும் வெளிய வரல. வந்திருந்தா அந்தக் காட்டை உழுதிருப்பாங்க. அதனால 'ரகசியம் எங்க தொழில் தர்மம்'னு சொல்றாங்க.

நான் ஒத்துக்கல. ரகசியம் காக்குறதுக்கும், ஒண்ணுமே எழுதி வைக்காம இருக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு. எடுத்த குழியோட அட்சரேகை தீர்க்கரேகை யாரும் கேக்கல. பக்கத்து ஊர்ப் பேர், தேதி, எவ்வளவு ஆழம், எந்த மெஷின், கழுவுறதுக்கு முன்னாடி மண்ணோட ஒரு போட்டோ, கழுவின பிறகு நாலு பக்கமும் போட்டோ, எடை, கையெழுத்து. ஒரு பக்கத் தாள். இதை எழுதிக் கொடுத்தா எந்த இடமும் பறிபோகாது. இதை எழுதாததால தான் ஒரு கட்டி கடல் தாண்டிப் போய் வேற நாட்டுக் குடிமகனா மாற முடியுது. எழுதிக் கொடுக்க மறுக்குற ஆள்கிட்ட நான் உலோக விலைக்கு மேல ஒரு காசு கொடுக்க மாட்டேன். வேணும்னா அவர் உருக்குறவன் கிட்டயே போகட்டும். சாதரூபத்துக்குச் சாதகம் வேணும், அவ்வளவு தான்.

நான் வாங்கினது 3.2 கிராம். தங்க முக்கோணத்துல வருஷக்கணக்கா அலையுற ஒரு பெரியவர் கிட்ட. உலோக விலைக்கு மேல 30 சதவீதம் கொடுத்தேன். வீட்ல சொன்னப்போ "அந்தக் காசுக்கு ஒரு ஜோடி கம்மலாவது வாங்கியிருக்கலாம்"னு பதில் வந்துச்சு. பெரியவர் சட்டைப் பையில இருந்து ஒரு நோட்டை எடுத்தார். இருபது வருஷக் கணக்கு அதுல இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி. என் துண்டுக்கு எதிர்ல மாசம், வருஷம், பக்கத்து ஊர், 'ஒன்பது அங்குலம், களிமண், மழைக்கு அடுத்த நாள்'னு இருந்துச்சு. அதை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தார். 30 சதவீதத்துல 20 அந்த மழைக்கு அடுத்த நாளுக்குன்னு வச்சுக்கோங்களேன்.

நாளைக்கே விக்கப் போனா அந்த 30 திரும்ப வருமா? வராது. கடைக்காரர் உலோக விலையில கொஞ்சம் கழிச்சுத் தான் கேப்பார். அதே மாதிரி ஒரு பைத்தியத்தை நானே தேடிப் பிடிச்சா தான் உண்டு. அதனால தான் சொல்றேன், பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்க்குறவங்க இந்தப் பக்கமே வராதீங்க. காசு பண்ண வேண்டிய நாள்ல நகெட்டைக் கொண்டு போய் நம்மூர் அடகுக் கடையில வச்சா, "பில் எங்க? ஹால்மார்க் எங்க? என்ன இது, திருட்டு நகையை உருக்குனதா?"ன்னு கேப்பாங்க. அவங்க மேல தப்பில்ல.

போலி பத்தியும் கொஞ்சம் சொல்லணும், மாமா அதைத் தான் அதிகம் கேட்டார். பித்தளை மேல முலாம் பூசினதை எல்லாம் விடுங்க, கையில தூக்கினாலே தெரிஞ்சுடும். தங்கம் தண்ணியை விட 19 மடங்கு கனம். வெள்ளைக்கல் ரெண்டே முக்கால் மடங்கு கூட கிடையாது. கல்லும் தங்கமும் கலந்த துண்டுல தங்கம் எவ்வளவுன்னு பாக்க இங்க ஆளுங்க போடுற ஒரு கணக்கு இருக்கு. சாதாரணமா எடை போடுங்க. அப்புறம் நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை போடுங்க. தண்ணி எடையை 3.1ஆல பெருக்கி, அதுல இருந்து காத்து எடையை 1.9ஆல பெருக்கிக் கழிங்க. 50 கிராம் கட்டி தண்ணிக்குள்ள 44 காட்டினா, 136.4ல 95 போக, 41 கிராம் சொச்சம் தங்கம். ஒண்ணு ரெண்டு கிராம் முன்னப்பின்ன இருக்கும், கல்லும் தங்கமும் தவிர வேற எதுவும் கலந்திருக்கக் கூடாது. எட்டாங்கிளாஸ்ல ஆர்க்கிமிடீஸை நெட்டுரு போட்டப்போ இது சோறு போடும்னு யாராவது சொல்லியிருந்தா இன்னும் ஒழுங்காப் படிச்சிருப்பேன்.

கஷ்டமான போலி எதுன்னா, நிஜத் தங்கத்துலயே பண்ற போலி. பழைய நகையை உருக்கி தண்ணிக்குள்ள ஊத்தினா கோணல்மாணலா உறையும். தங்கம் தான், ஆனா நகெட் இல்ல. உலோக விலைக்கு வாங்கி, நகெட் விலைக்கு விப்பாங்க. லென்ஸ் வச்சுப் பார்த்தா ஓட்டுன மெழுகு மாதிரி வழவழன்னு இருக்கும், குமிழி வெடிச்ச குட்டிக் குட்டிக் குழி இருக்கும். நிஜத்துல இடுக்குல செம்மண் கறையும் வெள்ளைக்கல் துணுக்கும் ஒட்டிக்கிட்டிருக்கும். இப்போ நகைக்கடைகள்ல இருக்குற எக்ஸ்ரே மெஷின்ல காட்டினா இன்னும் தெளிவாத் தெரியும். இயற்கைத் தங்கத்துல கலந்திருக்குறது பெரும்பாலும் வெள்ளி. செம்பு ரொம்பக் கம்மி. நகையை உருக்குனதுல செம்பும் துத்தநாகமும் எட்டிப் பாக்கும். அதிர்ஷ்டம் இருந்தா கேட்மியமும் வரும். மண்ணுக்குள்ள பிறந்த பொன்னுல கேடிஎம் பத்த வச்சது யாருங்க? ஆனா அந்த மெஷின் மேல்தோலை மட்டும் தான் படிக்கும்ங்கறதை மறக்கக்கூடாது. மண்ணுல கிடந்த தங்கத்தோட மேற்பரப்புல வெள்ளி கரைஞ்சு போய், உள்ள இருக்குறதை விடச் சுத்தமாக் காட்டும்.

இன்னொண்ணு சொல்லி ஆகணும், சொல்லலைன்னா தூக்கம் வராது. இங்க நண்பரோட அக்கா ஒருத்தர் ஆசையா ஒரு நகெட் வாங்கினாங்க. அழகான துண்டு, இலை மாதிரி. "கறையா இருக்கு"ன்னு நகைக்கடையில கொடுத்து அமிலத்துல கழுவி, பாலிஷ் போட்டு, ஓட்டை போட்டு, கொக்கி பத்த வச்சு டாலரா மாட்டிக்கிட்டாங்க. பளபளன்னு இருக்கு. இப்போ அது உருக்குற விலை தான் போகும். செம்மண் கறை போச்சு, மேல்தோல் போச்சு, பிறந்த உருவம் போச்சு. டன்னோலி பட்டடை மேல வெல்கம் ஸ்ட்ரேஞ்சரை உடைச்சதுக்குத் தராசு இல்லைங்கற காரணமாவது இருந்துச்சு. அக்கா இதைப் படிக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதுறேன்.

ஊருக்கு வரும்போது நகெட் கொண்டு வரலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. வெளிநாட்டுல தங்கியிருந்தவங்களுக்கு இருக்குற சுங்க விலக்கு நகைக்குத் தான். நகெட் நகை இல்ல. 'கல்லு தானே சார்'னு அதிகாரி கிட்ட வசனம் பேசாதீங்க, அறிவிச்சு வரியைக் கட்டுங்க.

எல்லாக் கனமான கல்லும் தங்கம் இல்லைங்கறதுக்கு ஒரு நல்ல சமாச்சாரம். 2015ல இங்க மேரிபரோ பக்கம் ஒருத்தருக்கு 17 கிலோ சிவப்புக் கல் ஒண்ணு டிடெக்டர்ல மாட்டுச்சு. உள்ள நகெட் இருக்குன்னு நம்பி ரம்பம், டிரில், அமிலம், சம்மட்டி எல்லாம் வச்சுப் பார்த்தார். அசையல. கடைசியில மெல்போர்ன் மியூசியத்துக்குக் கொண்டு போனா, அது 460 கோடி வருஷத்து விண்கல். விக்டோரியாவுல தங்கத்தை விட அது எவ்வளவோ அபூர்வம். நல்லவேளை, அவர் சம்மட்டிக்கு அது உடையல.

கடைசியா உங்ககிட்ட ஒரு உதவி. நம்ம கூடலூர் பக்கம் தேவாலா, பந்தலூர்ல 1880 வாக்குல தங்கம்னு ஒரு பெரிய கூத்து நடந்துச்சு. லண்டன்ல லட்சக்கணக்கான பவுண்ட் மூலதனத்தோட கம்பெனிகள் முளைச்சு, பங்கு வித்து, அப்படியே கவிழ்ந்துச்சு. அங்கயும் வித்தது பெரும்பாலும் கதையைத் தான். ஆனா அதுக்கு முன்னாடி இருந்தே அந்த மலையில ஆத்து மணலை மரத்தட்டுல அரிச்சுப் பொன் எடுத்தவங்க இருந்திருக்காங்க. அவங்க எடுத்த துகளை யார் கிட்ட வித்தாங்க, எதை வச்சு எடை போட்டாங்க, கொஞ்சம் பெரிய துண்டு கிடைச்சா அதுக்குத் தனியா ஏதாவது பேர் சொல்லுவாங்களான்னு தெரிஞ்சுக்கணும். நீலகிரிப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா, வீட்டுப் பெரியவங்க கிட்ட கேட்டுப் பின்னூட்டத்துல போடுங்களேன். அந்தப் பேர் கிடைச்சா இந்தப் பதிவுல இருக்குற நகெட் எல்லாத்தையும் அழிச்சுட்டு அதை எழுதிடறேன்.